முட்டுக்கட்டை டீச்சர் பார்த்துவந்த பள்ளிகள்

அந்த டீச்சருக்குக் கல்வி அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பள்ளத்தில் உருளும் வண்டிக்கு முட்டுக்கட்டை போடாமல் மாலையா போடுவார்கள் என்று கணவரிடம் கேட்பார்.

சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால், ஒரு கூடமும் ஒரு வராந்தாவுமாக இருந்தது அவருடைய பள்ளி. மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்பின் மூக்கைத் துடைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்பை அதட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மூன்றாம் வகுப்பு சண்டையில் இருக்கும். இந்தப் பள்ளியை மூடி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்கப் போவதாக ஒரு நாள் அதிகாரி வந்து சொன்னார். போக வர பஸ் உண்டு என்றார். பெற்றோர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீச்சர் சரி என்றால் எங்களுக்கும் சரி என்று எழுந்து போய்விட்டார்கள். யாருடைய வாயிலிருந்து அந்தச் 'சரி' வர வேண்டும் என்று அதிகாரிக்கு அன்றே புரிந்துவிட்டது.

கொஞ்ச நாளிலேயே, வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்க்கப் போகும் ஆசிரியர் குழுவில் டீச்சரின் பெயரும் சேர்ந்தது. பள்ளிகளை ஒன்றுசேர்ப்பதில் கரை கண்ட நாடாம் அது. மலையைச் சுற்றிப் பார்க்கவும் ஏற்பாடு உண்டாம். கணவர் தையற்காரர். மனைவிக்குக் கம்பளிக் கோட்டு தைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. பாத்து இரு."

"ஓநாய் செலவுலதானே நனையுறேன். நல்லா நனைஞ்சிட்டு வரேன்," என்றார் டீச்சர்.

முதலில் காட்டியது நகரத்துப் பள்ளி. டீச்சர் மனசார வியந்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறை, ஒழுகாத கூரை, தண்ணீர் வரும் குழாய். பொறாமையில் அவருக்கு வயிறு எரிந்தது. அங்கே ஒரு சிறுமி கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கட்டின் மேல் பச்சை மையில் யாரோ ஒரு தவளை வரைந்திருந்தார்கள். டீச்சர் தவளையைப் பார்த்துச் சிரிக்க, அவளும் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். மலை மேலிருந்த சின்னப் பள்ளிகளையெல்லாம் மூடிவிட்டு, பிள்ளைகளை பஸ்ஸில் இறக்கிக் கொண்டுவந்து படிக்கவைக்கிற பள்ளி இது என்றார்கள். குழுவோடு கூடவே வந்திருந்த அதிகாரி வேண்டுமென்றே டீச்சர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வகுப்பு நிறையப் பிள்ளைகள். இரண்டாவது வரிசையில், வேறு நிறச் சீருடையில், அதே பச்சைத் தவளை.

டீச்சருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆய்வு நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைக்கும் வித்தை அவருக்குப் புதிதல்ல. அவரே இரவல் கொடுத்திருக்கிறார். சிறுமியும் அவரை அடையாளம் கண்டுகொண்டு, மாவுக்கட்டை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கினாள். டீச்சர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரவல் பிள்ளை இங்கே இருந்தால், மலைப் பிள்ளைகள் எங்கே என்பதுதான் அவர் மனதைக் குடைந்தது.

மறுநாள் மலைக்குப் போனார்கள். பனி மூடிய சிகரம் அழகாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. குழுவில் எல்லோரும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது பள்ளி நடக்கும் நேரம். ஆனால் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளின் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாகச் சிறுமிகள் நின்றிருந்தார்கள். டீச்சர் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற, சிறுமிகளில் ஒருத்தியின் அம்மாவிடம் போனார்.

அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னாள். பஸ் வந்தது உண்மைதான். பனி விழுந்தபோது நின்றது, பிறகு வந்தது, பிறகு பழுது என்றார்கள். குளிரில் காத்துக்கிடந்து சின்னப் பிள்ளைகள் முதலில் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்களும் நின்றுவிட்டார்கள். பழைய பள்ளி எங்கே என்று டீச்சர் கேட்டதும், பின்னாலிருந்த லாயத்தைக் கை காட்டினாள்.

டீச்சர் உள்ளே போனார். சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. அதன் மேல் ஆணி அடித்துக் குதிரைச் சேணங்களை மாட்டியிருந்தார்கள். பெஞ்சுகளை உடைத்துத் தீவனத்தொட்டி செய்திருந்தார்கள். அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தன் கூடத்தில் இப்படி எதை மாட்டுவார்கள், கோணிச் சாக்கையா என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி தேடிக்கொண்டு வந்தார்.

"ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தா, குதிரை லாயத்துல வந்து நிக்கறீங்களே டீச்சர்."

"பள்ளிக்கூடம் பாக்கத்தானே சார் வந்தேன். இதுவும் பள்ளிக்கூடந்தான்."

மலையிலிருந்து இறங்கும்போது அவர் டீச்சருக்கு அருகே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். பெரிய பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவி காலியாக இருக்கிறது, பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் கூட்டம் நடந்தது. அதிகாரி திரையில் படம் காட்டி முடித்து, டீச்சரைப் பேசச் சொன்னார்.

"நான் பாத்ததைச் சொல்றேன்," என்றார் டீச்சர். "அங்கயும் பஸ் விட்டாங்க. பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்த பிள்ளைங்க இப்ப குதிரை பிடிச்சிட்டு நிக்குதுங்க. அதுங்க படிச்ச இடத்துல குதிரைதான் நிக்குது. என்கிட்ட இருந்து 'சரி' வராது. பூட்டணும்னா வந்து பூட்டிக்கட்டும். நான் உள்ள பாடம் நடத்திட்டு இருப்பேன். பிள்ளைங்கள அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

யாரும் கை தட்டவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். இது உங்கள் வேலைக்கே உலை வைக்கும் என்று அதிகாரி எச்சரித்துவிட்டுப் போனார். அன்று வீட்டில் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் வருவார்களா மாட்டார்களா என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, கிடங்குத் தெரு முனையில் பெரிய பள்ளியின் புது பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்தார்கள், சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராக டீச்சரின் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். காலி பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்து, நான் என்னம்மா செய்யட்டும் என்று வாசலில் நின்று கேட்டார்.

"திருப்பி ஓட்டிட்டுப் போங்கண்ணே," என்றார் டீச்சர். "நாளைக்கு அனுப்பினாங்கன்னா நாளைக்கும் வாங்க. நாளைக்கும் யாரும் ஏற மாட்டாங்க."