எங்கள் அக்கா தின்று கெடவில்லை

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்கா இரும்புலியூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பிகள் எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முடிச்சூரில் வயல்கள் மனைகளான காலத்தில் சின்ன வீடு கட்டி, போர் போட்டு, தனியாகவே இருந்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அப்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஒண்டியா கீறா இல்ல, வாய்க்கு ருசியா பண்ணித் தின்னுகினே இருந்திருப்பா." அக்கா காப்பிக்கே சர்க்கரை போடாதவர். நீங்கள் அனுப்பும் கிறிஸ்துமஸ் தட்டில் அவருக்கு மட்டும் இனிப்பில்லாமல் முறுக்கு வந்தது. பிறகு தட்டே வரவில்லை. விருந்துக்குக் கூப்பிடுவதையும் விட்டீர்கள்.

முடிச்சூர் மூழ்கிய வெள்ளத்துக்குப் பிறகு அக்கா போர் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததில்லை. "கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்டா" என்பார். சர்க்கரை ஏறினால் தாகம். தாகத்துக்கு அதே தண்ணீர், சொம்பு சொம்பாக.

உள்ளங்கை தடித்து, மார்பில் கரும்புள்ளிகள் வந்தபோதுதான் டாக்டர், "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். சோதனைக்குக் கொடுத்தோம். ஆர்சனிக் இருந்தது. நிலத்தடி நீரில் கலந்து வரும் நஞ்சு. கொதித்தால் சாவதற்கு அது கிருமி இல்லை.

"இதனாலதான் சுகர் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வருஷக்கணக்கா குடிச்சா சுகர் வர்ற வாய்ப்பு கூடும்" என்றார் டாக்டர்.

அக்கா ஒன்றுதான் கேட்டார். "அப்போ நான் தின்னு கெடல, இல்ல டாக்டர்?"

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "மனை விக்கிற நேரத்துல ஏன்க்கா பேஜார் பண்றீங்க?" என்று கதவைச் சாத்தினார்கள். அதன்பின் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். பக்கத்து வீட்டு எஸ்தர் மட்டும் தன் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்த கடைசி மாதங்களில் கஞ்சி கொண்டுவந்ததும் அவர்தான். அவருக்கு எங்கள் நன்றி. அடக்க ஆராதனைக்குக் கூட்டமாக வந்த உங்களுக்கும் நன்றி. முன்னமே ஒருவராவது வந்திருந்தால் அக்கா காப்பி போட்டுக் கொடுத்திருப்பார்.

இன்று நினைவு ஆராதனை முடிந்ததும் சாப்பாடு உண்டு. இலையில் கேசரி வைப்பார்கள். அதைத் தின்றுகொண்டே அக்கா தின்று கெட்டார் என்று பேசாதீர்கள். தண்ணீர் கேன் தண்ணீர்தான். பயப்படாமல் குடியுங்கள்.