பூஜையில் வைத்த வக்கீல் கோட்டு

என் எழுத்து கோணல், மறதியும் ஜாஸ்தி. அஞ்சாம் வகுப்போடு சரி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வக்கீல். கோர்ட்டில் வாதாடியதைவிட வாய்தா வாங்கியதுதான் அதிகம் என்று அவளே சொல்வாள். வீட்டில் வாய்தா கிடையாது. நங்கநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்து, மாடிக் குடித்தனக்காரரோடு தண்ணீர் மோட்டார் தகராறு என்று உட்கார்ந்துவிடுவார். ஃபீஸ் ஒரு டம்ளர் காபி. அதைக் குடிப்பதும் அவர்தான்.

நவராத்திரி சமயம் மகள் சொன்னாள்: "அம்மா, அடையாறுல ஒரு ஸ்கூல்ல லைப்ரரியன் வேலை. விஜயதசமிக்குச் சேரணும். தபால்ல அதுக்குப் படிச்சும் முடிச்சாச்சு."

அவள் படித்ததெல்லாம் சட்டம் என்று நினைத்து நானும் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

"தூசி தட்டவா வக்கீலுக்குப் படிச்சே? என் மோட்டார் கேஸ் என்னாகறது?" என்றார் நாத்தனார். துக்கம் எதற்கென்று புரிந்தது. எனக்கும் ஒரு துக்கம்தான். மயிலாப்பூரில் கீரைக்காரம்மா என்னை "வக்கீலோட அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அது போய்விடுமே.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. அதனால் அம்பாளிடம் விட்டேன். சரஸ்வதி பூஜைக்குக் கறுப்பு கோட்டை இஸ்திரி போட்டு, சட்டப் புத்தகங்களோடு சந்தனம் குங்குமம் இட்டு வைத்தேன். பூஜையில் வைத்ததை எடுத்துத்தானே விஜயதசமியன்று வேலையை ஆரம்பிக்கணும்? அவள் பள்ளிக்கூடத்துக்காக வாங்கி வந்த யானைக் கதை, முயல் கதையெல்லாம் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தன. அவை எனக்குப் புத்தகமாகவே படவில்லை.

பூஜையன்று மகள் அந்த யானைக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்கப் படிக்கிறாள்!

"இன்னிக்குப் படிக்கலாமாடி? சாமி கண்ணைக் குத்தும்!" என்றார் பூஜைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார்.

"பூஜையில வச்சதைத்தானே அத்தை தொடக்கூடாது? இதை அம்மா வைக்கவே இல்லையே."

நாத்தனார் சுண்டல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, "எடுத்துக்கோ" என்றேன். கோட்டை எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது. பூவை உதறிவிட்டு நாத்தனார் தோளில் போட்டாள். "நீங்க போங்க அத்தை. வாதம் உங்களுக்குத்தான் நல்லா வருது."

பிரளயம்தான் என்று சமையலறைக்குள் ஓடினேன். எட்டிப் பார்த்தால், நாத்தனார் கோட்டை மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். "தோள்தான் கொஞ்சம் பிடிக்கறது" என்றார்.

சிரித்ததில் என் துக்கம் எங்கே போனதோ. மகளுக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்து அடையாறுக்கு அனுப்பினேன். கீரைக்காரம்மா என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

அதற்கப்புறம் அந்தக் கோட்டை வீட்டில் காணோம். நாத்தனார் கொண்டுபோனாரா, நானே எங்காவது மடித்து வைத்தேனா, நினைவில்லை. நங்கநல்லூர் பக்கம் போகிறவர்கள் கேட்டுச் சொன்னால் திருத்தி எழுதுகிறேன். நான் கேட்டால் வாதாட ஆரம்பித்துவிடுவார்.