பேத்திக்கு இரண்டு பள்ளிக்கூடத்தில் இடம்

தூத்துக்குடியில் இரண்டு தனியார் பள்ளிக்கூடங்கள் என் பேத்தி ரோசம்மாவுக்கு முதல் ஃபாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், இடம் தந்திருக்கின்றன. இன்று அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்து வந்தேன். வாயெல்லாம் கசக்கிறது.

முதல் பள்ளியில் கிளார்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மத்தியானத்துக்கு மீன், கருவாடு கொண்டு வரக் கூடாது. தயிர்சோறு குடுத்து விடும்."

"கடல்ல நாங்க மாடா மேய்க்கோம், அண்ணாச்சி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சிறுவயதில் என்னைப் பள்ளிக்கூட வாசலோடு விரட்டிய வாத்தியாரும் இப்படித்தான் மூக்கைப் பொத்தினார். அதோடு என் படிப்பு முடிந்தது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது பள்ளியில் மீனுக்குத் தடையில்லை. வெயிலில் வந்த பேத்தி தண்ணீர்ப் பானை பக்கம் போனாள். பியூன் பாய்ந்து வந்தான்.

"ஏளா, தொடாத! கடக்கரைப் பிள்ளையளுக்கு நான்தான் ஊத்துவேன். கையை ஏந்து."

"நீரு லீவு போட்டா?" என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தாகம் எடுக்காம பாத்துக்கிடச் சொல்லும்."

பேத்தி குடிக்காமலே திரும்பிவிட்டாள்.

வெள்ளைக்காரன் போகப் போகிறானாம், ஊரெல்லாம் அதே பேச்சு.

"எதுல சேக்கட்டும், மாமா?" என்கிறாள், நான் சொல்வதை எழுதும் மருமகள். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். படிக்க வைக்காமல் விடமாட்டேன்.

பட்டினி போடும் பள்ளியா, நாக்கு வறள வைக்கும் பள்ளியா? பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்.