படகுக்குள் புகுந்த காற்று

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓடுகிற பம்ப்பின் மேல் கை வைத்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது பாதிதான் உண்மை. அந்தப் பேச்சை நம்பித்தான் மழைக்காலம் முடிந்ததும் அக்கா வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

மாமா சிறுமுகைக்கு அப்பால், அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற கரையில், சின்ன விடுதி ஒன்று நடத்துகிறார். வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டக் கேரளத்திலிருந்து ஒரு பழைய ஜெட் போட் வாங்கி வைத்திருந்தார். அதற்கு வெளியே சுழல்கிற விசிறி கிடையாது. அடியில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் இம்பெல்லர் என்கிற சுழல்சக்கரம் பின்பக்கமாகப் பீய்ச்சியடிக்கும். மிதக்கிற பம்ப் என்றே சொல்லலாம்.

“எஞ்சின் கத்துது, போட்டு நகர மாட்டேங்குது, அம்மணி” என்றார் போனில். பிறகு குரலைத் தாழ்த்தினார். போட் ஓட்டுகிறவர்மேல் அவருக்குச் சந்தேகம். எதிர்க்கரையில் புதிதாக வந்த விடுதிக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிடுகிறாராம். போவதற்கு முன்னால் நல்ல இம்பெல்லரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டாரோ, மண்ணைப் பம்ப்புக்குள் அள்ளிப் போட்டாரோ, யார் கண்டது என்றார். நான் பார்க்கிறது அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாம், சும்மா லீவுக்கு வந்த மாதிரி வா என்றும் சொன்னார்.

போனேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். வேகம் கூட்டியதும் காலடியில் ஜல்லிக்கல் அரைபடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடுதான் நான் தினமும் வேலை செய்கிறேன். கேவிடேஷன். பம்ப்புக்கு வேண்டிய தண்ணீர் வந்து சேராதபோது உள்ளே குமிழிகள் உண்டாகி, வெடித்து வெடித்து இரும்பையே அரித்துவிடும்.

“எப்ப இருந்துங்க இப்படி?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளாத்தானுங்க” என்றவர், கரையைப் பார்த்தபடியே படகைத் திருப்பினார்.

சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிட்டால் ஒருவர் எதைச் செய்தாலும் அது சாட்சியாகிவிடுகிறது. போன் வந்தால் அவர் மரத்தடிக்கு நகர்ந்து பேசினார். படகைக் கரையேற்றியதும் வேறு யாரும் குனிவதற்கு முன் தானே குனிந்து அடிப்பாகத்தைத் துடைத்தார். நான் பக்கத்தில் போனால் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்காவும் என்னவோ போல இருந்தாள். டீ கொண்டுவருகிற சாக்கில் வந்து, “ஏதாச்சும் தெரிஞ்சுதா கண்ணு?” என்று மறுபடி மறுபடி கேட்டாள். படகைப் பற்றி அவள் அவ்வளவு அக்கறைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் உறிஞ்சும் வாயின் கம்பித் தடுப்பைப் பார்த்தேன். நைலான் மீன்வலைத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. மாமா அதைக் கையில் வாங்கி, “இது தானா வந்து சிக்குமா?” என்றார். அணையில் மீன்வலை கிடப்பது அதிசயமில்லை. ஆனாலும் நானும் அதன் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கத்தியால் வெட்டியதோ என்று. வலையை எடுத்த பிறகும் அரைபடும் சத்தம் போகவில்லை.

அடுத்து இம்பெல்லர். விளிம்புகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அவை கேவிடேஷனால் வந்தவை. கோளாறின் விளைவு, காரணம் இல்லை. இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி பெருத்தாலும் இழுவை குறையும். இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேய்மானம் இருந்தது, ஆனால் படகை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. மாமா வாங்கியபோது எடுத்து வைத்திருந்த படத்தில் இருந்த அதே இம்பெல்லர்தான். யாரும் மாற்றவில்லை.

அதைச் சொன்னதும் மாமாவுக்கு நிம்மதி வரவில்லை. “அப்ப வேற என்னமோ பண்ணிருக்கான்” என்றார்.

மிச்சம் இருந்தது காற்று. தண்ணீரோடு காற்றும் உள்ளே போனால் பம்ப்புக்குப் பிடிமானம் இருக்காது. படகை மேட்டில் ஏற்றி, பம்ப்பின் இரண்டு வாயையும் மூடி, உள்ளே தண்ணீர் ஊற்றினேன். உறிஞ்சும் பாகம் படகின் அடியோடு சேருகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. விரலால் தடவினேன். பழைய பசை கறுத்துக் காய்ந்திருக்க, ஓர் இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் புதுப் பசை. பசையைச் சுரண்டினால் அடியில் முடி போல ஒரு விரிசல். அதன் வழியாகத்தான் படகுக்குள் இருக்கும் காற்றைப் பம்ப் இழுத்திருக்கிறது. எதிலோ மோதியிருக்கிறது. மோதியதை யாரோ அவசரமாக மூடியிருக்கிறார்கள்.

மாமா அப்போதே ஓட்டுநரைக் கூப்பிட்டார். மோதினாயா என்று கேட்டார். அவர், “நான் மோதலீங்க” என்றார். பசை போட்டது யார் என்று கேட்டதற்கு, “நாந்தானுங்க போட்டேன்” என்றார். மோதாமல் எதற்குப் போட்டாய் என்று மாமா கேட்க, அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மாமா என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போலத் தலையசைத்தார்.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து அக்கா வந்தாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி, “அவுரை உடுங்க. மணல் திட்டுல ஏத்துனது நானுங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடுதிக்கு ஆள் வருவதில்லை. அன்றைக்கு மாமா சரக்கு வாங்கக் கோயம்புத்தூர் போய்விடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான் அக்கா ஓட்டுநரிடம் போட் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தனியாக ஓட்டப் பழகிய பிறகு ஒருநாள் திட்டு தெரியாமல் ஏற்றிவிட்டாள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டதும் அவள்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் விரிசலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தனியா எங்க போவே?”

“எங்கயும் போகலீங்க. நடுத்தண்ணில நிறுத்திப்போட்டுச் சும்மா உக்காந்திருப்பேன்.”

“சும்மா உக்கார எதுக்கு அத்தன தூரம்?”

அக்கா உள்ளே போய்விட்டாள். ஓட்டுநரிடம் மாமா வருத்தம் தெரிவிக்கவில்லை. என்னிடம், அவள் சொல்வதை நீ நம்புகிறாயா என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். ஆனால் எதிர்க்கரையில் யார் யார் இருக்கிறார்கள் என்று என் மனமும் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கத்தான் செய்தது.

மறுநாள் பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்து, விரிசலை அடைத்து, பாகத்தைப் புதிதாக ஒட்டினோம். ஓட்டுநர் எனக்கு உதவினார். வேலை முடிகிற வரைக்கும் கேட்ட சாமானை எடுத்துத் தந்தார், அவ்வளவுதான். நான் லீவுக்கு வந்தவள் இல்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் அவர் எதிர்க்கரைக்கே வேலைக்குப் போய்விட்டார்.

பொங்கலுக்கு மறுபடி போயிருந்தேன். மத்தியானம் அக்கா எல்லார் முன்னாலும் மாமாவிடம் சாவி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அவள் படகில் ஏறியதும் தானும் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் கரையிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன். அரைபடும் சத்தம் இல்லை. படகு நடுத்தண்ணீர் வரைக்கும் நேராகப் போய் நின்றது. அக்கா எஞ்சினை அணைத்தாள். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாமா மட்டும் அடிக்கடி எதிர்க்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.