என் நம்பரில் இருந்த அம்மா

என் வேலை என்ன என்பதை வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. ஒத்தக்கடையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லி, கேட்ட வேலையையும் முடித்துக் கொடுக்கும் ஏஐ ஏஜென்ட்டுகளைச் செய்கிறோம். ஒவ்வொரு ஏஜென்ட்டின் கையிலும் சில மென்பொருள் கருவிகளைக் கொடுப்போம். நேரம் பார்க்க ஒன்று, பதிவு போட ஒன்று, ரத்து செய்ய ஒன்று. எதை எப்போது எடுக்க வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் நாங்கள் எழுதி வைக்கும் இரண்டு வரிக் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்யும். அந்தக் குறிப்பை எழுதுவதும், அதைப் படித்து ஏஜென்ட் ஒழுங்காக நடக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் என் பொறுப்பு.

டவுனில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்தோம். என் அம்மா வாரத்துக்கு மூன்று நாள் போகிற அதே மையம். பதிவு போடும் கருவிக்கு நான் எழுதியது இன்றும் மனப்பாடம்: 'நோயாளிக்கு நேரம் பதிவு செய்ய இதைப் பயன்படுத்து. அதே போன் நம்பரில் அதே நாளுக்கு ஏற்கெனவே பதிவு இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடு.' ஒரே ஆள் இரண்டு இடம் பிடித்து அடுத்தவர் முறையைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். சோதிக்க நாற்பது கேள்விகள் தயார் செய்தேன். நாற்பது நோயாளிகளைக் கற்பனை செய்து, ஆளுக்கொரு நம்பரும் கொடுத்தேன். நாற்பதும் பாஸ். அன்று ஆபீஸில் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு திமிர்.

மேலூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கும் டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், சித்தி எனக்குத்தான் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை என் போனிலிருந்தே மையத்துக்குச் செய்தி அனுப்பினேன். செவ்வாய் காலை இடம் வேண்டும் என்று சித்தப்பாவின் பெயரையும் வயதையும் கொடுத்தேன். அடுத்த நொடியே 'பதிவு செய்யப்பட்டது, நன்றி' என்று வந்தது. நான் செய்த ஏஜென்ட் எவ்வளவு சுறுசுறுப்பு பார் என்று அம்மாவிடம் காட்டிப் பெருமையடித்தேன்.

செவ்வாய் காலை ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் அம்மாவை அழைத்துப் போனேன். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு போகிற முறை அது. கால் வீங்கியிருந்தது, மூச்சும் வாங்கியது. சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா பேரு இன்னைக்கு இல்லையேக்கா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "நல்லாப் பாருங்க சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் அம்மா வழக்கமாகப் படுக்கும் படுக்கையில் சித்தப்பா படுத்திருந்தார். குழாய் மாட்டி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வாத்தா! நீ போட்டுக் குடுத்த எடந்தான். வந்ததுமே படுக்கவச்சுட்டாக" என்றார்.

சிஸ்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'அதே போன் நம்பரில் இருந்த பதிவு எடுக்கப்பட்டது.' நான் எழுதிய குறிப்பின் வார்த்தைகள்தான். அம்மாவின் பதிவும் என் நம்பரில்தான் இருந்தது. ஏஜென்ட் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்குத்தான் ஒரு படுக்கை காலியானது. அதுவரை அம்மா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டாள். நடுவில் சிஸ்டரிடம், "எம்மக ஆபீஸ்லதான் அத செஞ்சாக. அவ தப்பா செய்ய மாட்டா. வேற என்னமோ கோளாறு" என்று எனக்காக வக்காலத்து வேறு வாங்கினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நம்பரில் இன்னொரு பதிவு வந்தால் பழையதை எடுத்துவிடச் சொல்லி எழுதியதே நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

"நம்ம வீட்டுல ரேசன் கார்டுக்கு, கேஸ் சிலிண்டருக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாத்துக்கும் உன் நம்பர்தான். சித்தி வீட்டுக்கும் உன் நம்பர்தான். படிச்ச பிள்ள நம்பரத்தானடி எல்லாரும் குடுப்பாக. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். என் போனில் நான்கு வீட்டுக் குறுஞ்செய்திகள் வந்து குவிகின்றன. ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்த நாற்பது பேரில் ஒருவர்கூட படித்த பிள்ளையின் நம்பரைக் கொடுத்தவர் இல்லை.

மறுநாள் ஆபீஸ் போனதும் நாற்பத்தோராவது கேள்வியை எழுதினேன். ஒரே நம்பர், ஒரே நாள், அம்மா, சித்தப்பா. திருத்துவதற்கு முன் பழைய குறிப்பு என்னதான் செய்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஏஜென்ட்டைப் பத்துத் தடவை ஓட்டினேன். ஒரு தடவையாவது 'யாருக்கு?' என்று கேட்காதா என்று காத்திருந்தேன். பத்துத் தடவையும் அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு, எனக்கு நன்றி சொன்னது.