கொத்தமல்லி போட்ட பியர்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் யாரும் பியர் குடிப்பதில்லை. நான் போத்தலைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் பம்பலப்பிட்டி அலுவலகமொன்றில் ஒரு வாரம் முழுக்கப் பியரோடு மல்லுக்கட்டினேன். வெளிநாட்டுக்காரர் வீட்டிலேயே பியர் காய்ச்ச எழுதிவைத்த குறிப்புகள் கணினியில் வரும். போட்டிருக்கும் சாமான்களைப் பார்த்து என்ன வகைப் பியர் என்று குறிக்க வேண்டும். சம்பந்தமில்லாத குறிப்பு ஏதும் வந்தால் ‘பியர் இல்லை’ என்ற பெட்டிக்குள் தள்ள வேண்டும்.

முன்பு வேலை பார்த்த அச்சகம் மூடி எட்டு மாதம். நாற்பத்தாறு வயதில் யார் கூப்பிடுவார்கள்? வெள்ளிக்கிழமைச் சோதனையில் இரண்டுக்கு மேல் பிழைவிட்டால் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமும் வரும்.

கோபத்தோடே படித்தேன். கருக வறுத்த பார்லி என்றால் ஸ்டவுட். ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவை அள்ளிக் கொட்டியிருந்தால் ஐபிஏ. குளிரில் வாரக்கணக்கில் வைத்தால் லாகர். இதென்ன பெரிய விஷயம் என்று மூன்றாம் நாளே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

வழக்கமாக இங்கேயே தயாரிக்கும் வெள்ளிக்கிழமைச் சோதனை வினாத்தாள் இந்த முறை வெளிநாட்டிலிருந்தே வந்திருந்தது. எனக்கு மூன்று பிழை. மூன்றும் ஒரே மாதிரி. மேற்பார்வையாளர் கொட்டாஞ்சேனைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். திரையை என் பக்கம் திருப்பினார்.

“அக்கா, கோதுமை, கொத்தமல்லி, தோடம்பழத் தோல். இது பெல்ஜியம் ஆக்களின்ர வெள்ளைப் பியராம். ஏன் பியர் இல்லையெண்டு போட்டனீங்கள்?”

“கொத்தமல்லி அவிச்சா அது சளி, தடிமனுக்குக் குடிக்கிறது. ஆரோ மருந்துக் குறிப்பை மாறி அனுப்பிப்போட்டாங்கள் எண்டு நினைச்சன்.”

போகத்தான் போகிறேன், பொய் எதற்கு என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. ‘பியர் இல்லை’ பெட்டியைத் திறந்து கொத்தமல்லியைத் தேடினார். திரை நிறைய வந்தது. அந்த அறையிலிருந்த தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அதையே தள்ளியிருந்தார்கள். எல்லோரும் தடிமனுக்குக் கொத்தமல்லி குடித்து வளர்ந்தவர்கள்தானே.

“வெள்ளைப் பியர் ஒண்டும் வரேல்லை எண்டு வேலை தாற வெளிநாட்டு ஆக்கள் ரெண்டு மாசமாக் கேக்கிறாங்கள். எங்களுக்கு ஏனெண்டு விளங்கேல்ல. இதை முழுக்கத் திரும்பப் பாக்கோணும் அக்கா. திங்கட்கிழமை ஒன்பதுக்குத் தொடங்குங்கோ.”

“சரி தம்பி” என்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்தபடி இறங்கினேன். மனம் முழுக்க அந்த மூன்று பிழைதான். இரண்டாம் மாடிக்கு வந்தபோதுதான் அவர் திங்கட்கிழமை வரச் சொன்னது உறைத்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.