பத்துக்குப் பத்துப் பொருத்தம்

லிஃப்ட் மெக்கானிக் காய்ச்சல் என்று ஒருநாள்கூடப் படுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பல் ஈறு மட்டும் வருஷக்கணக்காக வீங்கிக் கிடந்தது. அதை அவன் நோயில் சேர்க்கவில்லை. ஒன்பதாம் மாடி உயரத்தில் கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறவன், ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அக்காவுக்காக அதையும் பொறுத்துக்கொண்டான்.

அக்கா தையல்காரி. குத்திய விரலில் ரத்தம் நிற்காதபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பாள். தம்பியின் ரத்தத்தில் பத்து அடையாளங்களை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பத்துக்குப் பத்து.

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் அமையல," என்றாள் அக்கா.

"மாமா காதுல விழப்போகுது."

"விழட்டும். அவருக்கும் தெரிஞ்ச சங்கதிதான்."

மறுவாரம் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "பொருத்தம் சரிதான். ஆனா அக்காவுக்குப் பிறவியிலேயே மரபணுவுல ஒரு பிழை. அதே பிழை உங்களுக்கும் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லையே, டாக்டர்."

"இப்போதைக்கு இல்ல."

டாக்டர் விளக்கினார்: ரத்தத்தைப் பெற்றுத் தரும் தாய்ச் செல்கள் பெரும்பாலும் தூங்கவேண்டியவை. சோம்பல்தான் அவற்றின் ஆயுள். உடம்பில் எங்காவது வீங்கி அழற்சி கண்டால் எழுந்து உழைக்கும், அடங்கினால் மறுபடி படுக்கும். பிழையுள்ளவை எழுந்தால் படுப்பதில்லை, ஓடாய்த் தேய்கின்றன. கடைசியில் இன்னொரு பிழையும் சேர்ந்த சில செல்கள் தலையெடுக்கும். அழற்சியின் கூப்பாடு அவற்றின் காதில் ஏறாது. அதனால் தேயாமல் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளும். உருப்படியாக ரத்தம் தராது. அக்காவின் மஜ்ஜை அந்தக் கட்டத்தில் இருந்தது.

"உங்களுடையதை வச்சா அதே கதை திரும்ப ஆரம்பிக்கலாம். வெளியாளைத் தேடறோம். நீங்க முதல்ல வீங்கிக் கிடக்கிற அந்தப் பல்லை வைத்தியம் பாருங்க."

"பல்லையா?"

"தூங்கறவங்க கதவை வருஷக்கணக்கா தட்டிக்கிட்டு இருக்கீங்க."

அவன் ஈறு தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டான்.

வார்டுக்குப் போனபோது, பக்கத்துக் கட்டில்காரியிடம் அக்கா தம்பியின் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். "பொருத்தம் இல்லையாம்க்கா," என்றான்.

"பத்துக்குப் பத்துன்னாங்களே. பொய் சொன்னா உனக்கு மூக்கு வேர்க்கும்."

உள்ளதைச் சொல்லிவிட்டான். வெளியாள் கிடைப்பானா என்று கேட்பாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று தவித்தபடி நின்றான்.

அக்கா கேட்டாள்: "நாளைக்கு உனக்கும் இது வந்தா யாருடா குடுப்பாங்க?"

அதுவரை அவனுக்கு அது தோன்றவேயில்லை. அக்கா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவன் உட்கார்ந்தான்.